செல்லோவுக்கும் ஒரு டிக்கெட்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு இருபத்தாறு வருஷமாக வாரம் ஒருமுறை போகிறேன். ஆரியசாலையில் சுக்கும் மிளகும் கொள்முதல். இந்த வழியைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டு. ஆனால் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது சரக்கெடுக்க அல்ல, என் தம்பி எட்வினின் செல்லோவைக் கொண்டுபோய்ச் சேர்க்க.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: செல்லோ வயலினுக்குப் பெரிய அண்ணன். உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி, வில்லால் வாசிப்பது. எட்வின் திருவனந்தபுரத்தில் அதை வைத்தே பிழைத்தான். காலையில் கரமனை வாடகை வீட்டில் மாணவர்கள். ஞாயிறென்றால் சர்ச். கூப்பிட்டால் சினிமா ரெக்கார்டிங், கல்யாண வரவேற்பு, கர்நாடக வித்வான்களோடு மேடை. தினமும் ஏழு மணியிலிருந்து ஒன்பது வரை தம்பானூர் பக்கம் ஒரு ஹோட்டலில் பழைய பாட்டுகள். "திங்கிறவன் கேக்க மாட்டான் அண்ணே. ஆனா நிறுத்தினா திரும்பிப் பாப்பான்" என்பான். மழை தொடங்கிய வாரத்தில் மாரடைப்பு. வயது ஐம்பத்தொன்று.

அடக்கம் நாகர்கோவிலில் நடந்தது. கரமனை வீட்டைக் காலி செய்து சாமான்களை வேனில் ஏற்றி வந்தவன் நான்தான். பிறகு அவன் மாணவர்கள் சர்ச் ஹாலில் மாலை நான்கு மணிக்கு நினைவுக் கூட்டம் வைத்தார்கள். அவர்களில் லலிதா என்பவர் வங்கி அதிகாரி, கரமனை அக்ரகாரத்துக்காரர், நாற்பது வயதுக்கு மேல் படிக்க வந்தவர். போனில் அவர் ஒன்றுதான் கேட்டார். மாஷின் செல்லோவிலேயே வாசிக்க வேண்டும், அந்தச் சத்தத்தை எல்லோரும் இன்னொரு முறை கேட்க வேண்டும். (அங்கே வாத்தியாரை மாஷ் என்பார்கள்.) அதன்பின் அது உங்களிடமே இருக்கட்டும் என்று நானும் சொல்லிவிட்டேன்.

வடசேரி பஸ் நிலையத்தில் காலை 11.15 பஸ். எழுபது கிலோமீட்டர், ஆளுக்கு 95 ரூபாய். நான் இரண்டு டிக்கெட் எடுத்தேன். இது எட்வினின் வழக்கம். "டிக்கெட் எடுத்தா அது ஆளு, எடுக்கலன்னா லக்கேஜு" என்று சொல்லி ஜன்னலோரம் உட்கார்த்தி வைப்பான். பைத்தியக்காரச் செலவு என்று நான் எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறேன். மார்த்தாண்டத்தில் ஏறிய ஒரு அம்மா, பெட்டிக்கெல்லாம் சீட்டா என்று சண்டைக்கு வந்தார். டிக்கெட்டைக் காட்டிய பிறகுதான் அடங்கினார்.

களியக்காவிளை தாண்டி ஒரு பள்ளத்தில் பஸ் குதித்தபோது பெட்டிக்குள் ஏதோ உருண்டது. பென்சிலாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

தம்பானூர் வந்தபோது மணி இரண்டு. ஓட்டலில் சாப்பாடு, 90 ரூபாய். அங்கிருந்து சர்ச்சுக்கு மூன்று கிலோமீட்டர், ஆட்டோ 70 ரூபாய். டிரைவர் பெட்டியைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார். "அண்ணாச்சி, இதினகத்து ஆளு வல்லதும் உண்டோ?" உள்ளே ஆள் யாராவது இருக்கிறாரா என்று கேலி.

"ஆளு போயாச்சு. பெட்டிதான் மிச்சம்" என்றேன்.

சர்ச் வாசலில் அவரே பெட்டியை மெல்ல இறக்கிக் கொடுத்தார்.

ஹாலில் லலிதா பெட்டியைத் திறந்து அப்படியே நின்றார். நான்கு கம்பிகளும் தொளதொளவென்று கிடந்தன. கம்பிகளைத் தாங்கும் மரக்குதிரை சாய்ந்து விழுந்திருந்தது.

"கம்பியெல்லாம் யார் தளர்த்தினா?"

நான்தான் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். இழுத்துக் கட்டிய மூட்டையை அப்படியே கிடங்கில் போட்டால் கெட்டுப்போகும், கயிற்றைத் தளர்த்திவிட்டுத்தான் அடுக்க வேண்டும். வியாபாரத்தில் நான் படித்த முதல் பாடம் அது.

அவர் செல்லோவை மெல்லச் சாய்த்தார். உள்ளே மறுபடி உருண்டது. பென்சில் இல்லை. பேனா நீளத்துக்கு ஒரு மரக்குச்சி. குதிரைக்கு நேர் கீழே, பசை எதுவும் இல்லாமல், கம்பிகளின் அழுத்தத்தில் மட்டும் நிற்குமாம். அது இல்லாமல் கம்பியை முறுக்கினால் மேல்பலகையே உடையலாம். மாணவர்கள் யாருடையது விழுந்தாலும் எட்வின்தான் ஒரு வளைந்த இரும்புக் கம்பியை மேல்பலகை ஓட்டை வழியாக விட்டு, பேசிக்கொண்டே பத்து நிமிஷத்தில் நிறுத்திவிடுவானாம். அந்த இரும்பு பெட்டியின் பையிலேயே இருந்தது. கைதான் இல்லை.

செல்போன் வெளிச்சத்தில் லலிதாவும் இன்னும் இரண்டு பேரும் மூன்றேகால் முதல் நான்கு வரை முயன்றார்கள். இரண்டு தடவை நின்றது, இரண்டு தடவையும் விழுந்தது. பழுது பார்க்கிற ஒருவருக்குப் போன் செய்தோம். அவர் கொச்சியில் இருந்தார்.

கடைசியில் லலிதா தன் செல்லோவிலேயே வாசித்தார். அழுதவர்கள் இருந்தார்கள். தம்பியுடையது சுவரோரம் மூடிக் கிடந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் முடிந்ததும் அவரே என்னிடம் வந்தார். "மழைக்காலத்துல அது தானே விழறதும் உண்டு. மனசுல வெச்சுக்காதீங்கோ."

"அப்போ நான் தளர்த்துனதுனால இல்லியா?"

வில்லைத் துணியால் துடைத்தார். "மாஷ் ஒண்ணை மாத்தி முறுக்கினப்புறம்தான் அடுத்ததைத் தளர்த்துவார்" என்றார்.

நல்ல ஆளிடம் கொடுத்துச் சரிசெய்தால் பேசுமா என்று கேட்டேன். பேசும், நன்றாகவே பேசும் என்றார். "ஆனா குச்சி துளி நகர்ந்தாலும் சத்தம் மாறிடும். மாஷ் நிறுத்தின இடம் மாஷுக்குத்தான் தெரியும்."

அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கூடப் பிறந்தவன் கேட்கிற கேள்வியா அது?

இப்படி ஒரு வாத்தியத்தோடு பயணம் செய்கிறவர்களுக்கு: கூடுதல் சீட்டுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள். ஜன்னலோரம் வையுங்கள். கம்பிகளைத் தொடாதீர்கள், தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

திரும்பி வர: நான் எப்போதும் 6.40 பஸ். "ஏழு மணிக்கு வாசிப்பேன், ஒரு நாள் இருந்துட்டுப் போ அண்ணே" என்று எட்வின் சொல்லும்போதெல்லாம், காலையில் ஆறு மணிக்குக் கடை திறக்க வேண்டும் என்பேன். அன்று ஹாலில் நேரமாகி 6.40 போய்விட்டது. தம்பானூரில் விசாரித்தேன். 7.30-க்கு உண்டு, 8.15-க்கு உண்டு. 9.20-க்கும் ஒரு பஸ் உண்டு. ஒன்பது வரை அவன் வாசித்த ஹோட்டலிலிருந்து பஸ் நிலையம் பத்து நிமிஷ நடைதான். இருபத்தாறு வருஷத்தில் நான் விசாரித்ததில்லை.