ஒளு முறிந்ததற்கு நன்றி சொன்னேன்

நான் என் கணவரிடம் பொய் சொன்னேன். புற்றுநோயை நீர்க்கட்டி என்று சொன்னேன். இதை உங்களுக்கு எழுத எத்தனையோ வருடம் தயங்கினேன்...

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் மச்சான் (அவரை அப்படித்தான் கூப்பிடுவேன்) வெளியே உட்கார்ந்திருந்தார். நான் மட்டும் உள்ளே போனேன். சினைப்பையில் புற்று, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார் டாக்டரம்மா. தொப்புளுக்கு மேலிருந்து அடிவயிறு வரை கீறி, சினைப்பை, கருப்பை, குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்பு எல்லாம் எடுப்பார்களாம். அதற்கெல்லாம் நான் பயப்படவில்லை. குடலிலும் ஒட்டியிருந்தால் சிலருக்கு வயிற்றில் ஒரு பை வைக்க நேரும், மலம் அதில் இறங்கும் என்றார். அங்கேதான் பயந்தேன்!

தொழுகைக்காக முகம், கை, கால் கழுவிச் செய்யும் ஒளு, காற்றுப் பிரிந்தாலே முறிந்துவிடும். பை இருந்தால் எப்படி நிற்கும்? இனி எனக்குத் தொழுகையே இல்லையா?

வெளியே வந்தேன். "என்ன புள்ள சொன்னாங்க?" என்றார் மச்சான்.

"நீர்க்கட்டிதானாம் மச்சான். மாத்திரையே போதுமாம்."

அவர் முகம் மலர்ந்தது. பஸ் ஸ்டாண்டில் அல்வா வாங்கித் தந்தார். தின்றேன்... எப்படித் தின்றேன்?

வயிறு நீர்கோத்து வீங்கிய பிறகுதான், பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஆலிமாவிடம் அழுதுகொண்டே கேட்டேன்.

"பை வச்சிருந்தாலும் ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் புதுசா ஒளு செஞ்சு தொழுதுக்கலாமே! இதை வாயத் தொறந்து கேக்க இம்புட்டு நாளா? மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க!"

அன்றே மச்சானிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டி பிடிக்கப் போனார்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் வயிற்றைத்தான் தடவினேன். பை இல்லை! மூத்திரக் குழாய் இருந்தது, நீர் வடியும் குழாய் இருந்தது. மறுநாளே பிடித்து நடக்கவைத்தார்கள். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நர்ஸ் வரும்போதெல்லாம், "காத்துப் பிரிஞ்சுதாம்மா?" என்று கேட்பாள். குடல் வேலை செய்ய ஆரம்பித்ததற்கு அதுதான் அடையாளமாம்.

பிரிந்தது. "அல்ஹம்துலில்லாஹ்!" என்று கத்திவிட்டேன்.

மகள் பர்வீன் சிரித்தாள். "ஒளு முறிஞ்சதுக்கு அல்லாஹ்வுக்கு நன்றி சொன்ன மொத ஆளு நீதாம்மா!"

தையல் வலிக்க வலிக்க நானும் சிரித்தேன். மச்சான் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

அப்புறம் கீமோ, பரிசோதனைகள்... இன்று நாற்காலியில் உட்கார்ந்து ஐந்து வேளையும் தொழுகிறேன். ஆனாலும் டாக்டரம்மா சொன்னது காதிலேயே நிற்கிறது: "அப்பவே ஆபரேஷனுக்கு வந்திருந்தா இவ்வளவு பரவியிருக்காதும்மா."

மச்சான் இன்றுவரை ஒரு சொல் கேட்கவில்லை. அல்வா மட்டும் வாங்கி வருவதில்லை.

யாருக்காவது வயிறு வீங்கினால் என் கதையைச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு அந்தக் காற்றை மறைக்காதீர்கள். என் மேல் இரக்கப்பட்டு அந்தப் பொய்யையும் மறைக்காதீர்கள்.