பின்கதவை அடைத்த பதினான்கு பெட்டிகள்

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். ஆறரைக்கு இட்லி, ஏழே காலுக்கு பைக். ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸ் என் பொறுப்பு. எல்லாம் வழக்கம்போல... மாலை நான்கு பத்து வரை.

மனைவி கமலாவின் போன்.

“ஏங்க, சமையக்கட்டுல கேஸ் வாடை பயங்கரமா அடிக்குது. உஸ்ஸுன்னு சத்தம் வேற.”

“நீ எங்க இருக்க?”

“பின் ரூம்ல. துணி மடிச்சினு இருந்தேன்.”

அந்த அறையிலிருந்து வாசலுக்குச் சமையலறையைத் தாண்டித்தான் வர வேண்டும். இல்லையென்றால் பின்கதவு.

“பின்கதவைத் தொறந்து வெளிய போயிடு!”

“எப்டிங்க? உங்க பெட்டிங்கதான் அடைச்சினு கீதே!”

உண்மைதான். டிவி, மிக்ஸி, ஃபேன் வந்த அட்டைப்பெட்டிகள். வாரன்ட்டி முடியும்வரை இருக்கட்டும் என்று வைத்தவை. வாரன்ட்டி முடிந்தபின் அவற்றில் உபரிச் சாமான்களை நிரப்பி, நம்பர் போட்டு அடுக்கினேன். மொத்தம் பதினான்கு. கம்பெனியில் அவசர வழிக்கு மஞ்சள் கோடு போட்டு, மாக் டிரில் என்று வெளியேறும் ஒத்திகையும் நடத்தி, அந்த வழியை மறித்து ஒரு பெட்டி இருந்தாலும் கத்துகிறவன் நான்!

“சுவிட்ச் எதையும் தொடாத. போன்ல கூட பொறி வரலாம், வை!” என்றேன்.

வைத்துவிட்டாள். அப்புறம்தான் உறைத்தது. இனி அவள் எப்படி இருக்கிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பக்கத்து வீட்டு ரஹீம் பாய்க்கு போன் செய்தேன். மாங்காய் மண்டிக்காரர். “இதோ ஓடறேன் சார்” என்றார். அவ்வளவுதான்.

பதினெட்டு நிமிடம் ஓட்டினேன். சிக்னலில் முன்னால் கர்நாடகா லாரி. அதற்கு மேலே, எங்கள் தெருப் பக்கம் வானத்தையே பார்த்தேன். புகை இல்லை. இல்லையென்றால் நல்லதா, இல்லை இன்னும் வெடிக்கவில்லை என்று அர்த்தமா?

தெருமுனையில் கூட்டம். நடுவே, தரையில் உட்கார்ந்திருந்தாள் கமலா. முழங்கை சிராய்த்து ரத்தம். தலையெல்லாம் தெர்மகோல் துகள்.

பாய் வெளியிலிருந்து தோளால் கதவை முட்ட, இவள் உள்ளிருந்து பெட்டிகளை இழுத்துத் தள்ள, கிடைத்த இடுக்கில் நுழைந்து வந்திருக்கிறாள். பாய்தான் பிறகு உள்ளே போய் சிலிண்டரை மூடியிருக்கிறார்.

“மண்டியில ஒரு லோடு எறக்கிடலாம் சார். உங்க கதவைத் தொறக்க முடியாது!” என்றார், மூச்சு வாங்க.

“கம்பெனில மஞ்சக் கோடு போடுவாரு பாய். வூட்ல லேபிள்தான் ஒட்டுவாரு” என்றாள் கமலா.

விரிசல் விட்டது கேஸ் டியூப். புது டியூப் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். எங்கே? ஒன்பதாம் நம்பர் பெட்டியில்!

நாளைக்குத் தேவைப்பட்டால் என்ன செய்வது என்ற சின்ன பயம்தான் நம்மைச் சேர்க்க வைக்கிறது. சேர்த்துவிட்டால் நிம்மதி என்று நானும் நம்பினேன். அன்று எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் கதவுக்கு முன்னால் இரண்டரை அடி வெறும் தரை.

இருட்டும் முன்னே பதினான்கு பெட்டிகளும் பாயின் மினி லாரியில் ஏறிவிட்டன. டியூபை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை, காபிக்கும் முன், கமலாவைப் பின் அறையில் நிறுத்திக் கண்ணை மூடச் சொன்னேன்.

“இப்ப வெளிய போ.”

“வூட்லயும் மாக் டிரில்லா?” என்று முனகிக்கொண்டே போனாள். கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு விநாடி.

“இன்னொரு தரம்” என்றேன்.