மூன்றாவது கீறல்

தன் தோட்டத்தில் அவர் கத்தியை ஸ்பிரிட் துணியால் துடைக்கிறார். மரக்கன்றின் பட்டையில் நகத்தளவு ஒரு கீறல். ஊசிமுனையால் அதற்குள் பூஞ்சையை வைத்து, ஈரப்பஞ்சால் மூடிக் கட்டுகிறார். மறுபடியும் கத்தியைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்த கன்று. நோய் வைக்கிற கத்திக்கு என்னத்துக்குச் சுத்தம் என்று கேட்டால் முறைப்பார். "நான் வைக்கிற நோய் மட்டுந்தான்யா உள்ள போகணும். ஒண்ணோடது இன்னொண்ணுக்கு ஒட்டிக்கிச்சுன்னா அப்புறம் எதை நம்புறது?"

நர்சரிக்காரர்கள் அவரை டாக்டர் என்பார்கள். கிண்டல்தான். ஒரு மரத்தைக்கூட அவர் குணமாக்கியதில்லை. வீட்டு வாசலில் அழகுக்கு வைக்கிற சைப்ரஸ் மரங்களைப் பட்டைநோய் தெருத்தெருவாகத் தின்றுவிட்டது. மருந்து கிடையாது. நோயைத் தாங்குகிற மரமாகப் பிறந்தால்தான் உண்டு. அதற்காக, ஒல்லியாக நிமிர்ந்து வளரும் மரத்தின் பெண் பூவில், கோணல் மரமொன்றின் மகரந்தத்தைத் தடவி, வேறு மகரந்தம் படாமல் பை கட்டுவார். "மாப்பிள்ளை கோணலா இருந்தா என்ன, உடம்பு கெட்டி!" பிறந்த கன்றுகளுக்கெல்லாம் நோய் வைப்பார். பட்டையில் பிசின் வடிந்தால் "அழுதுருச்சு" என்பார். அழுததெல்லாம் நெருப்புக்கு.

அழாமல் நின்றது ஒன்றே ஒன்று. இரண்டு முறை கீறியும் அசையவில்லை. கூரைக்கு மேலே வளர்ந்துவிட்டது. அவர் மனைவி அதைச் சின்னவன் என்றுதான் சொல்வார். அதிலிருந்து ஒட்டுக்கட்டக் கிளை கேட்டு ஆட்கள் வந்தார்கள். மனிதர் அசையவில்லை. குளிர்காலம் தொடங்கியதும் மூன்றாவது தடவை கீறக் கத்தியோடு போய் நின்றார்.

"ஏங்க, அதான் பொழச்சிக்கிச்சே. விட்டுத்தொலைங்களேன்" என்றார் மனைவி.

"ரெண்டு தடவ தப்பிச்சது அதிர்ஷ்டமாக்கூட இருக்கலாம். ஊரான் வாசல்ல போய்ச் செத்தா?"

"உங்க கையால செத்தா மட்டும் இனிக்குமாக்கும்."

அவர் கத்தியைத் துடைத்தார். கீறினார்.

போன வாரம் கீறலின் கட்டை அவிழ்த்தார். பஞ்சுக்குக் கீழே அடிவரைக்கும் பிசின் கோடு. அண்ணாந்து பார்த்தால், உச்சிக் கிளையெல்லாம் துரு நிறம்.

"சின்னவன் அழுதானா?" சமையலறை சன்னலிலிருந்து மனைவி.

"ரம்பத்த எடு."

அந்தம்மா எடுத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போய்ச் சன்னலைச் சாத்திக்கொண்டார். அடியோடு அறுத்து, துண்டு போட்டு, கொளுத்தி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. அன்றைக்கு அறுக்க வேறு மரமில்லை. ஆனாலும் நெருப்பின் பக்கத்தில் குந்தி, ஸ்பிரிட் துணியால் ரம்பத்தை ஒவ்வொரு பல்லாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.