கூப்பிடும் பெயரைக் காத்தவர்

“ஐயா, நஸீர் நானா மௌத்தாயிட்டாருங்க.” றக்வானையில் தேயிலைத் தூள் பொதி செய்து விற்கும் முத்துலட்சுமிதான் அந்த மரணச் செய்தியைத் தொலைபேசியில் சொன்னாள்.

இரத்தினபுரியில் சிறு வியாபாரிகள் பலருக்கு வியாபாரக் குறியை, அதாவது சரக்கின் பெயரையும் படத்தையும், தெரிவுசெய்து, அதைக் காத்துக்கொடுத்த சட்டத்தரணி அவர்; அண்ணன் என்ற பொருளில் எல்லோருக்கும் ‘நானா’. இந்த அஞ்சலியை வாசிப்போரில் அவரை அறிந்தவர்கள் அவருடைய கேள்விகளையும் அறிவார்கள்.

முத்துலட்சுமி கும்பிட வரும் கோயிலின் பூசகன் நான்; அவளை அவரிடம் அழைத்துச் சென்றவனும் நானே. அவளது பொதியில் ‘வேலவன் தேயிலை’ என்ற பெயரும் வேலின் படமும் இருந்தன. கலவானை முதலாளி ஒருவர் அதே பெயரில் மட்டமான தூளை விற்கத் தொடங்கியிருந்தார். “அவரு தூள எந்தூளுன்னு நெனச்சு, கடைக்காரங்க என்னோடதத் திருப்பி அனுப்புறாங்க. இது போனா பொழைப்பே போச்சுங்க” என்று அழுதாள்.

நானா சட்டநூலைத் தொடவில்லை. “கடைக்கு வாற ஆக்கள் என்ன சொல்லிக் கேக்குற?” என்றார்.

“வேலவன்னு யாருங்க சொல்றா? கொங்காணித் தூளுன்னுதான் கேப்பாங்க. சிங்கள ஆளுங்களும் ‘கொங்காணி தே தென்ன’ன்னு, கொங்காணித் தேயிலை குடுங்கன்னுதான் கேப்பாங்க.”

கொழுந்து பறிப்போர் மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் இட்டுக்கொள்ளும் கொங்காணியைப் போலவே பொதியின் வாயை மடிப்பது அவள் வழக்கம்.

நானா நிமிர்ந்து உட்கார்ந்தார். “பேர் இங்கயே ஈக்கி! தேடிப் போகத் தேவல்ல.”

நான் பொறுக்கமாட்டாமல், “முருகனைக் கைவிடச் சொல்கிறீர்களா?” என்றேன்.

“ஐயா, அல்லாஹ்வுட பேரப் போட்டு ஒரு நானா வந்தாலும் இதத்தான் சொல்லுவேன். ஊரே கும்புடுற சாமிட பேருக்கு ஒருத்தர் வேலி போட ஏலா; கொங்காணின்னா இவங்கட தூள் மட்டுந்தான். முருகன் எங்க பக்கம்னு நீங்க சொல்லுவீங்க, எங்க பக்கம்னு கலவான முதலாளியும் சொல்லுவார். முருகன சாட்சிக் கூண்டுல ஏத்தவா?”

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

கொங்காணி என்ற பெயர் வேறெவருக்கும் இல்லை என்று கொழும்புப் பதிவேட்டில் தேடி உறுதிசெய்து, பெயரையும் மடிப்பின் சித்திரத்தையும் பதிவுசெய்தார். பின்னர் கலவானை முதலாளி அதையும் போலிசெய்தபோது, நானாவின் சட்ட அறிவித்தலுக்குப் பிறகு அந்தப் பொதிகள் கடைகளிலிருந்து இறங்கின. முத்துலட்சுமியின் தூள் மீண்டும் ஏறியது.

“பேர வெச்சவங்கள்ட்ட கேக்க வாணாம், கூப்பிடுறவங்கள்ட்ட கேளுங்க” என்பார் நானா.

நெடுங்காலமாகக் கோயிலில் இறைவனின் திருநாமங்களை ஓதிப் பதவுரையும் சொல்லி வருகிறேன். எவர், எந்தத் துயரில், முதன்முதலாக அப்படி அழைத்தார் என்று எண்ணிப் பார்த்ததே இல்லை. இப்போது ஒவ்வொரு நாமத்திலும் சற்றே நின்றுவிடுகிறேன். பூசை நீள்கிறது என்று கோயிலார் முணுமுணுக்கிறார்கள். நஸீர் நானாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தத் தாமதத்தைத்தான்.