பாசியைக் காடென்று வரைந்தவன்

ஸ்கூடாய் நகரில் ஒரு சின்ன ஆய்வு அலுவலகத்தில், குளிர்சாதனத்துக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு கடலோரச் சதுப்புக் காடுகளைக் காப்பாற்றுவது என் வேலை. விமானத்திலிருந்து எடுத்த படங்களை இணையத்தில் இலவசமாகப் போட்டிருப்பார்கள். இறக்கி, பச்சையாகத் தெரிவதையெல்லாம் காடு என்று குறித்து வரைபடம் போடுவேன். காலில் சேறு படாத வனக்காவலன்.

ஒருநாள் கடலோரப் பொந்தியானிலிருந்து மனைவியின் தம்பி கூப்பிட்டான். ஓடையில் நண்டுக்கூண்டு போட்டுப் பிழைப்பவன்.

"மச்சான், ஒங்க மேப்புல எங்க ஓடைக்காடு கொறையவே இல்லையாம். எறால் கம்பெனிக்காரங்க ஊர்க் கூட்டத்துல அதக் காட்டித்தான், மிச்சத்தையும் வெட்டி இன்னொரு கொளம் தோண்டப் போறாங்க லா. அப்புறம் நான் எங்க போய் கூண்டு போட?"

"காடு இருக்குதானே? பச்சையா தெரியுதே!"

"அலமாக்! வந்து பாருங்க."

போனேன். நான் காடென்று குறித்த இடத்தில் ஒரு மரமில்லை. கைவிடப்பட்ட பழைய இறால் குளம். மேலே தோல் மாதிரி தடித்த பச்சைப் பாசி. நடுவே ஊதி வெளுத்த இறால்கள். அழுகிய முட்டை நாற்றம். கிட்டே போய்ப் பார்க்கக் குனிந்தேன். கரை சரிந்தது. முழங்கால் வரை உள்ளே. இழுத்தேன்; கால் வந்தது, சப்பாத்து வரவில்லை. காலையில் தின்ற நாசி லெமாக் மட்டும் மொத்தமாக வந்தது.

கரையில் நின்ற மைத்துனன் சொன்னான்: "காட்டுக்குள்ள பார்த்து நடங்க மச்சான், மரம் இடிச்சிரப் போகுது."

அதே விமானம் மர உயரத்தையும் அளந்திருந்தது. அந்தக் கோப்பும் அதே இணையப் பக்கத்தில்தான் கிடந்தது. பெரிய கோப்பு, இறங்க நேரமாகும் என்று நான் தொடவில்லை. மறுநாள் இறக்கித் திறந்தேன். சுற்றிலும் மரங்கள் நிமிர்ந்து நிற்க, என் 'காடு' தோசைக்கல் மாதிரி மட்டமாகக் கிடந்தது. யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். பார்ப்பதற்குச் சம்பளம் வாங்கியவனே பார்க்கவில்லை. காலைத் தேய்த்துக் கழுவியாயிற்று. இந்த அருவருப்பு கழுவியும் போகவில்லை.

அடுத்த கூட்டத்தில் எழுந்து, பாதி மலாயிலும் பாதி வியர்வையிலும், தப்பு என்னுடையது என்று சொல்லிப் புது வரைபடத்தைக் காட்டினேன்.

"படிச்சவரு, பாசிக்கும் மரத்துக்கும் வித்தியாசம் தெரியாதா?" என்றார் ஒரு மீனவர்.

"விழுந்த பிறகு தெரிஞ்சுதுங்க."

இரண்டாவது குளத்தை நிறுத்தி வைத்தார்கள், இப்போதைக்கு. போன காடு போனதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நண்டுப் பிரட்டல். மனைவி என் தட்டில் வெறும் கீரையை வைத்தாள்.

"நண்டு?"

"தம்பிதான் குடுத்தனுப்புனான். ஒங்களுக்குப் பச்சையா இருந்தா போதும்னு சொல்லிட்டான்."