காப்புக் கட்டிய கையோடு சுங்கை செம்பிலாங்

போன சனிக்கிழமை சுங்கை செம்பிலாங் போய் வந்தேன். இந்த வெயில் மாதங்களில் நாங்கள் போன ஐந்தாவது வார இறுதிப் பயணம் அது. முந்தைய நான்கையும் அன்றன்று மாலையே இந்த வலைப்பூவில் எழுதிவிட்டேன். இதற்கு மட்டும் ஒரு வாரம் ஆகிவிட்டது. அம்மா தூங்கிய பிறகு, போர்வைக்குள் கைப்பேசியை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வெளிச்சத்தை மிகவும் குறைத்திருக்கிறேன். எழுத்துப் பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வருபவர்களுக்கு: எங்கள் வீடு தஞ்சோங் காராங்கிற்குத் தெற்கே, சிலாங்கூர் ஆற்றின் வடகரையில், ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கிறது. அப்பா எண்ணெய்ப்பனைக் குலை வெட்டுகிறவர். நான் நான்காம் படிவம். பயணம் என்று இங்கே சொல்வதெல்லாம் ஒரு சனிக்கிழமைக்குள் முடிந்துவிடும் சின்னச் சுற்றல்கள்தான். என்னுடன் படித்து, பிறகு அசாம் ஜாவாவுக்கு வீடு மாறிப்போன ஜெசிந்தா வருவாள். அவள் பறவைகளை வரைவாள். அவளுடைய ரோஸ்லின் அக்கா தொழிற்சாலையில் வேலை செய்கிறார். பழைய சின்னக் கார் ஒன்று வைத்திருக்கிறார், தூண்டில் போடுவதில் பைத்தியம். நான் நேரம், தூரம், செலவு எல்லாவற்றையும் குறித்துக்கொள்வேன். புக்கிட் மெலாவத்தி குரங்குகள், வயல் வாய்க்கால் ஓரம் சைக்கிள் என்று நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பை நீங்கள் படித்திருப்பீர்கள். இங்கே சொந்தப் பெயரில் எழுதுவதில்லை என்பதால் வீட்டிலும் லயத்திலும் இது எதுவும் தெரியாது. பள்ளியில் புறப்பாடப் பயிற்சி என்று சொல்லிவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் போனேன்.

இந்த முறை அந்தப் பொய்யோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது.

போன ஆண்டு அப்பாவுக்கு டெங்கி வந்து மோசமாகிவிட்டது. பிழைத்து வந்தால் மகள் பால்குடம் எடுப்பாள் என்று தோட்டத்து மாரியம்மனிடம் அம்மா வேண்டிக்கொண்டார். அப்பா பிழைத்தார். இந்த ஆண்டுத் திருவிழாவுக்காகப் பயணத்திற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை மாலை, எனக்குக் காப்புக் கட்டினார்கள். மஞ்சள் கொம்பு முடிந்த கயிறு, வலது மணிக்கட்டில். கட்டும்போதே பூசாரி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஸ்கூலுக்கும் வேலைக்கும் போங்க, வேணாங்கல. பொழுது சாயிறதுக்குள்ள வீட்டுக்கு வந்துருங்க. கவுச்சி கூடாது. ஆத்த மட்டும் தாண்டிராதீங்க." நானும் தலையாட்டினேன்.

ரோஸ்லின் அக்காவுக்கு ஜொகூரில் வேலை மாற்றம். இந்தச் சனியை விட்டால் காரும் இல்லை, அக்காவும் இல்லை. பள்ளிக்குப் போகலாம் என்றுதானே சொன்னார்கள், பள்ளி என்று சொல்லிவிட்டுத்தானே போகிறேன் என்று எனக்கு நானே கணக்குச் சொல்லிக்கொண்டேன். எழுதும்போதுதான் அது எவ்வளவு மட்டமான கணக்கு என்று தெரிகிறது.

காலை 6.40க்கு, பள்ளியில் ஓட்டப் போட்டி என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் கிளம்பினேன். தோட்டத்திலிருந்து பெரிய சாலை 3.5 கிலோமீட்டர். 7.05க்கு சாலையோரக் கடையில் சைக்கிளைப் பூட்டி வைத்தேன். நீளக் கைச்சட்டை போட்டுக் காப்பை மறைத்திருந்தேன். 7.15க்குக் கார் வந்தது. நாசி லெமாக் பொட்டலம் ஒன்று 2.50 வெள்ளி, நான் மட்டும் நெத்திலியையும் சம்பலையும் ஒதுக்கிவிட்டு வெறும் சோற்றைச் சாப்பிட்டேன்.

"என்னடி, சம்பல தள்ளி வச்சிட்டே? வயிறு சரியில்லையா?" என்றாள் ஜெசிந்தா.

"இவ எழுதத்தான் வர்றா லா, திங்கவா வர்றா," என்று ரோஸ்லின் அக்கா முன்னாலிருந்து சிரித்தார். "எழுதிக்க, எழுதிக்க. ஏழு இருபத்தெட்டுக்கு ரோஸ்லின் ஹாரன் அடிச்சான்னு எழுதிக்க."

7.30க்கு ஆற்றுப் பாலத்தில் ஏறினோம். வழக்கமாகப் பாலத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டுப் படகுகளை எண்ணுவேன். அன்று மடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாலம் முடிந்ததும் தலையைத் தூக்கினேன். வானம் அப்படியேதான் இருந்தது. அதற்குள் ஜெசிந்தா, "ஏய், கழுகு பாரு," என்று கத்தினாள். கழுகு இல்லை, கருடன். செம்மண் நிற இறக்கை, வெள்ளைக் கழுத்து, காருக்கு நேர் மேலே வட்டமடித்தது. கோயில் காரியத்தில் கருடன் வந்தால் அம்மனே சரி என்று சொன்ன மாதிரி என்பார்கள். எனக்காகத்தான் வந்தது என்று நினைத்தேன். எனக்குப் பயம் போய்விட்டது.

நான் ஏறிய இடத்திலிருந்து சுங்கை செம்பிலாங் படகுத்துறை வரை காரின் மீட்டரில் 31 கிலோமீட்டர். கோல சிலாங்கூரைத் தாண்டி ஜெராம் போகும் சாலையில் வந்து, கடல் பக்கம் திரும்ப வேண்டும். கடைசி ஒரு கிலோமீட்டர் குறுகல். எதிரே லோரி வந்தால் ஓரம் ஒதுங்கி நிற்க வேண்டும். 8.20க்கு இறங்கினோம். கார் நிறுத்தக் கட்டணம் இல்லை.

நீலக் கடலையும் மணற்கரையையும் எதிர்பார்த்து யாரும் அங்கே போகாதீர்கள். சேறும் சதுப்பும்தான். தண்ணீர் வற்றியிருக்கும்போது கடல் எங்கேயோ தூரத்தில் ஒரு கோடாகத் தெரியும். சேற்றில் சின்ன மீன்கள் கால் முளைத்தது போல் துள்ளி ஓடும். கொக்குகள் ஒவ்வோர் அடியாக எடுத்து வைக்கும். மரத்துறையின் முனையில் ஜெசிந்தா தாளை விரித்து உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் எழுந்திருக்க மாட்டாள். நான் பதினேழு வகைப் பறவைகளைக் குறித்தேன். பெயர் தெரியாதவை ஐந்து.

தூண்டிலுக்கு இறால் ஆறு வெள்ளி. விற்றவர் நம் ஆள்தான், ஐம்பது வயதிருக்கும்.

"அண்ணே, தண்ணி எப்ப ஏறும்?" என்று கேட்டேன்.

"பத்தரைக்கு மேல வந்துரும் மா. அதுவரைக்கும் சும்மா குந்தியிரு. அந்தச் சேத்துல மட்டும் எறங்கிராத, முட்டி வரைக்கும் இழுத்துக்கும். போன மாசம் ஒரு கே.எல். தம்பி சிலிப்பர கடலுக்குத் தானம் குடுத்துட்டுப் போனாரு."

11.10க்கு ரோஸ்லின் அக்காவின் தூண்டில் வளைந்தது. வந்தது இந்த ஊருக்குப் பேர் கொடுத்த செம்பிலாங் மீனேதான். கெளுத்தி மாதிரி மீசை, உடம்பில் விஷ முள். இறால் விற்றவர் ஓடிவந்து குறட்டால் முள்ளை வெட்டிக் கொடுத்தார். "அக்கா கைராசிக்காரி," என்றார். "ஜொகூரு போனா இந்தக் கைராசி எங்க போவும்?" என்று ஜெசிந்தா சொல்லிவிட்டு, சட்டென்று அழ ஆரம்பித்துவிட்டாள். மூன்று பேரும் கட்டிக்கொண்டு நின்றோம், மீன் வாளிக்குள் துள்ளிக்கொண்டிருந்தது. இந்த ஐந்து வாரங்களில் எது நல்ல நாள் என்று கேட்டால், அந்த நிமிடத்தைத்தான் சொல்வேன். இப்போதும் அதைத்தான் சொல்வேன். அதுதான் என்னைக் கொல்கிறது.

துறைக்குப் பக்கத்துக் கடையில் எட்டு வெள்ளிக்கு மீனைச் சுட்டுத் தந்தார்கள்.

"எனக்கு வேணாம்கா."

"ஏன்? டயட்டா? இந்த ஒடம்புக்கா?" என்று அக்கா பெரிய துண்டாக எடுத்து என் தட்டில் வைத்தார். "நான் போவப்போறேன்டி. நான் புடிச்சத நீ ஒரு வாய் தின்னாத்தான் எனக்கு நிம்மதி."

அவர்கள் வேதக்கார வீடு, மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். காப்பு என்றால் இன்னதென்று அவர்களுக்கு நான் சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் ரோஸ்லின் அக்கா அந்த நிமிடமே காரைத் திருப்பியிருப்பார், எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. ஒரு வாய் என்று எடுத்தேன். பிறகு முழுத் துண்டையும் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. அதை எழுதாமல் விட்டால் இது பொய்யான கட்டுரை.

2.00க்குக் கிளம்பி, 2.50க்குப் பாலம், 3.40க்கு வீடு. என் பங்குக்கு மொத்தச் செலவு 14.50 வெள்ளி, பெட்ரோலுக்குக் கொடுத்த ஐந்தும் சேர்த்து. வாயை மூன்று முறை கழுவினேன். அப்பா வாசலில் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார். "ஓட்டத்துல ஜெயிச்சியா?" என்றார். "ரெண்டாவதுப்பா," என்றேன். "பரவால்ல, ரெண்டாவதும் நல்லதுதான்," என்றார்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வகுப்பிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். பள்ளி அலுவலகத்தில் எங்கள் தோட்டத்து மேற்பார்வையாளர், மண்டோர் மாமா, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உயரமான மரம், அப்பா வெட்டிய இருபது கிலோக் குலை ஓலையில் சிக்கி, அவர் விலகி நிற்பதற்குள் முதுகில் விழுந்துவிட்டது. அம்மா ஆம்புலன்சில் போய்விட்டார். மோட்டார் சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்ட மாமா காற்றுக்கு மேலே கத்திக்கொண்டே வந்தார்: "ஒன்னும் ஆவாது புள்ள, பயப்படாத. நீ காப்புக் கட்டியிருக்கே. அம்மன் பாத்துக்குவா."

தஞ்சோங் காராங் மருத்துவமனையில் பத்து நிமிடம்தான் அப்பாவைப் பார்த்தேன். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. என்னைப் பார்த்ததும், யாரிடமும் கேட்க வெட்கப்பட்டதைக் கேட்பது போல் மெதுவாகக் கேட்டார்: "என் காலு ரெண்டும் அங்கதான் இருக்கா, பாரும்மா."

இருந்தது. தொட்டேன். தொட்டது அவருக்குத் தெரியவில்லை.

அன்று மாலையே பெரிய மருத்துவமனைக்கு மாற்றிவிட்டார்கள். அது ஆற்றுக்கு அந்தப் பக்கம். நானும் வருகிறேன் என்றதற்கு லயமே கூடி என்னைத் தடுத்தது. "காப்புக் கட்டுன புள்ள ஆத்த தாண்டலாமா? ஒங்கப்பனுக்குன்னு ஒரே நம்பிக்கை நீதான்," என்றார்கள். கடல் பார்க்க ஆற்றைத் தாண்டினேன். அப்பாவைப் பார்க்கத் தாண்ட முடியவில்லை. நான்கு நாளாகிறது. முதுகெலும்பில் வீக்கம் வடிந்த பிறகுதான் கால் வருமா வராதா என்று சொல்ல முடியும் என்று மருத்துவர் சொன்னாராம்.

வியாழக்கிழமை கோயிலில் பூசாரி அம்மாவிடம் கேட்டார், "வீட்ல சுத்தபத்தமா இருந்தீங்களா? ஏதும் கொறை வச்சிட்டீங்களா?" நான் பக்கத்திலேயே நின்றேன். அம்மா எரிகிற கற்பூரத்தைத் தொட்டுக்கொண்டு சொன்னார்: "எம்மக ஸ்கூல தவிர எங்கயும் போவல சாமி. பச்சத் தண்ணியக்கூட பாத்துத்தான் குடிக்கிறா." இனி நான் வாய் திறந்தால், அம்மாவும் அம்மன் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவராகிவிடுவார்.

இன்று சாயங்காலம் அம்மா மருத்துவமனையிலிருந்து வந்து சோறு வடித்துக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன். பாலம், மீன், ஐந்து சனிக்கிழமை, எல்லாம். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கஞ்சி சொட்டுகிற சத்தம்தான் கேட்டது.

"வேற யாருக்குத் தெரியும்?"

"லயத்துல யாருக்கும் தெரியாதும்மா."

"சொல்லாத. அப்பன முடக்குன பொண்ணுன்னு ஒனக்குப் பேரு வந்துரும். நீ சாவுற வரைக்கும் இந்த லயம் சொல்லும்."

"நாளைக்கு நான் எப்படிம்மா பால்குடம் தூக்குறது?"

"தூக்கித்தான் ஆவணும். தூக்கலன்னா ஏன்னு கேப்பாங்கல்ல?" வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பாமலே கேட்டார், "எனக்குத் தெரியாம அப்படி என்ன இருந்துச்சு அந்தக் கடல்ல?" சேறும் கொக்கும்தான். நான் தட்டுகளை எடுத்து வைத்தேன்.

இதைப் படித்துவிட்டு அங்கே போக நினைப்பவர்களுக்கு. சுங்கை செம்பிலாங் நல்ல இடம், அதன் மேல் எந்தக் குற்றமும் இல்லை. ஏற்ற இறக்க நேரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். தண்ணீர் வற்றி, மீண்டும் ஏறும் காலை நேரத்தில் பறவைகள் அதிகம். தொப்பியும் ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீரும் தேவை, துறையில் நிழலே கிடையாது. சேற்றில் இறங்காதீர்கள். செம்பிலாங் மீனை வெறுங்கையால் பிடிக்காதீர்கள். வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டுப் போங்கள். விடவில்லை என்றால் அழுதுவிட்டு வீட்டிலேயே இருங்கள், ஒரு சனிக்கிழமைதானே. கையில் காப்பு இருந்தால் போகாதீர்கள். குலை விழுந்ததற்கும் நான் பாலம் தாண்டியதற்கும் சம்பந்தமில்லை என்று உங்களில் பலர் எழுதுவீர்கள். எனக்கும் பகலில் சில நேரம் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் அப்பாவின் காலைத் தொட்டது நான்.

நாளைக் காலை 7.30க்கு வாய்க்கால் கரையில் பால்குடம் கிளம்பும். அங்கிருந்து கோயில் 1.8 கிலோமீட்டர், செருப்பில்லாமல், மேளத்தோடு நின்று நின்று நடந்தால் ஒன்றேகால் மணி நேரம். லயத்து ஆட்கள் எல்லோரும் என் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, அப்பாவுக்காகக் கும்பிடுவார்கள். அம்மா பக்கத்திலேயே நடந்து வருவார். படுக்கப் போகும் முன் என் கையைப் பிடித்து, காப்பு தளர்ந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ரோட்ட பாத்து நட. எம்மூஞ்சிய மட்டும் பாத்துராத. பாத்தேன்னா ரெண்டு பேரும் மாட்டிக்குவோம்."