நூற்று நாற்பத்தேழாவது வீடு

முனிக்கண்டிகைக்கு மேற்கே செம்மண் குன்று, கிழக்கே ஏரி. தெற்கே கால்வாயைத் தாண்டினால் தமிழ்நாடு. வடக்கே மாந்தோப்பு வழியாக நடந்தால் சத்தியவேடு போகும் பஸ் நிற்கும். இதற்குள் நூற்று நாற்பத்தாறு வீடு, அறுநூற்றுச் சொச்சம் ஜனம். பாதிப் பேர் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்போம். அடிதடிக்கு எந்தப் பாஷையும் வேண்டியதில்லை. வரப்புக்கு அடித்துக்கொள்வோம், கால்வாய்த் தண்ணீருக்கு அடித்துக்கொள்வோம், ஒன்றும் அகப்படாவிட்டால் பெண்டாட்டியை அடிப்போம். எங்கள் ஊரைப் பற்றி இதைவிட நல்லதாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த ஜனத்தை எண்ணுகிறவள் ருக்மணி. அங்கன்வாடி டீச்சர். வடமாலபேட்டையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், புருஷன் செத்த பிறகும் இங்கேயே தங்கிவிட்டாள். சர்க்கார் எந்தக் கணக்குக் கேட்டாலும் வீடு வீடாகப் போகிறவள் அவள்தான் என்பதால் ‘லெக்க டீச்சர்’ என்று பேர். அவள் பிள்ளைகளை அதட்டினால் ஏரிக்கரையில் மாடு நிமிர்ந்து பார்க்கும்.

கணக்கில் ஒரு விதி உண்டு. ஒரே கூரையானாலும் அடுப்பு தனி என்றால் குடும்பம் தனி. போன கணக்கெடுப்பில் ருக்மணி அந்த விதியை விட்டுவிட்டு ஊர் வழக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். யார் கணக்கெடுக்க வந்தாலும் எங்கள் ஊரில் ஆண்பிள்ளை வாசலில் நின்று பதில் சொல்வான், வந்தவர் எழுதிக்கொண்டு போய்விடுவார். பிரேமலதாவின் புருஷனும் அப்படித்தான் “ஒரே அடுப்பு” என்றான். அவள் பின்கட்டில் தனியாகப் பொங்கித் தின்றது ஊருக்கே தெரியும், ருக்மணிக்கும் தெரியும். ஆனாலும் ஒன்று என்றே எழுதினாள். தனிக் குடும்பமாகப் பதிவாகாததால் பிரேமலதாவுக்குத் தனி அரிசி கார்டு கிடைக்கவில்லை. பசி தாங்காமல் அவன் அடுப்புக்கே திரும்பினாள். இரண்டாம் மாதம் உலக்கையால் அடித்தே கொன்றுவிட்டான்.

அதற்குப் பிறகு ருக்மணி யார் வாசலிலும் நிற்பதில்லை. நேரே பின்பக்கம் போய், சாம்பலில் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போனை எடுத்துப் பதிவு செய்வாள்.

இந்த வருஷம் சித்திரை வெயிலில் ரகு வீட்டுக்குப் போனாள். ரகு டிராக்டர் ஓட்டுகிறவன். தை மாதம் மனைவி வசந்தாவின் கையை முறித்தான். அன்று முதல் அவள் பின்னால் மாட்டுக் கொட்டகையில் மூன்று கல் வைத்துச் சமைத்துக்கொண்டு தனியாக இருந்தாள். கை கூடிய பிறகும் ரகுவுக்குப் பயந்து அவளை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. அரிசி கார்டு வந்தால் அங்கேயே பிழைத்துக்கொள்வாள். வராவிட்டால் பிரேமலதா கதிதான்.

“ஒரே அடுப்பு, ரெண்டு பேரு. எய்திக்கினு போ டீச்சரே” என்றான் ரகு வாசலில் நின்று.

ருக்மணி சந்து வழியாகக் கொட்டகைக்குப் போனாள். கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது.

“யார் அடுப்பும்மா இது?”

“என்னுதுதான்க்கா.”

பின்னாலேயே வந்த ரகு பானையை எட்டி உதைத்தான். கொதிக்கிற கஞ்சி வசந்தாவின் இரண்டு காலிலும் கொட்டியது. அவள் அலறினாள். மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்து மூன்று கல்லையும் நெம்பித் தள்ளினான்.

“இப்போ எங்க கீது அடுப்பு? காட்டு! ரெண்டு அடுப்புன்னு எய்தினா ஊர்ல என் மானம் இன்னா ஆவுறது?”

“சாம்பல் இன்னும் சுடுது, ரகு” என்றாள் ருக்மணி.

கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு ஓங்கி ஒரு குத்துவிட்டான். ருக்மணியின் முன்பல் உடைந்து ரத்தம் போன்மேல் கொட்டியது. கீழே விழுந்தவளை விலாவில் மிதித்தான். சத்தம் கேட்டுப் பத்துப் பேர் கூடிவிட்டோம். நானும் அதில் ஒருவன். ஒருத்தனும் வேலிக்குள் கால் வைக்கவில்லை. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வெந்த காலோடு வசந்தா எழுந்தாள். உருண்டு கிடந்ததில் பெரிய கல்லை இரண்டு கையாலும் தூக்கி, மறுபடி மிதிக்கக் காலை ஓங்கியவனின் ஊன்றிய காலின் முட்டியில் பக்கவாட்டில் போட்டாள். எலும்பு முறிந்த சத்தம் வேலிக்கு வெளியே கேட்டது. ரகு அடியற்று விழுந்தான். கடப்பாரைக்குக் கை நீட்டினான். வசந்தா அந்தக் கையை மிதித்துக்கொண்டு, கடப்பாரையை எடுத்து வேலிக்கு வெளியே எங்களைப் பார்த்து வீசினாள். நாங்கள் சிதறினோம்.

பிறகு மூன்று கல்லையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து பழைய இடத்தில் வைத்தாள். சுள்ளி செருகிப் பற்றவைத்தாள்.

ருக்மணி ரத்தத்தைத் துப்பிவிட்டு, போனைப் புடவையில் துடைத்தாள். “குடும்பத் தலைவரு பேரு?”

“வசந்தா.”

“எத்தினி பேரு?”

“ஒருத்தி.”

ரகு மண்ணில் கிடந்து முனகினான். “வசந்தா... ஒரு வாய் தண்ணி குடுடி.”

குடம் அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் ருக்மணியைப் பார்த்தாள்.

“எய்திட்டியாக்கா?”

“எய்திட்டேன்.”

“அப்போ அவுரு வேற ஊட்டு ஆளு. தண்ணி வேணும்னா அவுரு ஊட்ல போய்க் கேக்கச் சொல்லு.”